சட்டப்படி பாட்டுப் போட்ட கல்யாணம்

வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் நான் சட்டத்தை மதித்து நடந்தேன். அது என் தங்கையின் கல்யாண நாளாகப் போய்விட்டது.

எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் எனக்கு ஒரு மைக்செட் கடை இருந்தது. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு எதுவானாலும் என் குழாய் ஸ்பீக்கர்தான் ஊருக்குச் சொல்லும். (மலை சுற்ற வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போவது என்னால்தான் என்பார்கள். பொறாமை.) பாட்டுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இசைத்தட்டு என்னுடையது, ஊசி என்னுடையது. அப்புறம் பாட்டு மட்டும் யாருடையதாம்?

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கடைக்கு வந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் இசைத்தட்டின் நடுவில் பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துப் படித்தார்.

"அனுமதி இல்லாம பொது எடத்துல போடக் கூடாதுனு போட்டிருக்குப்பா. கம்பெனி ஆளு சத்தமில்லாம வந்து இன்னா பாட்டுனு எழுதிக்கினு போவான். அப்புறம் செட்டையே தூக்கிடுவாங்க."

கல்யாணம் பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையில், எங்கள் வீட்டுப் பந்தலில். மாப்பிள்ளை வீட்டார் போளூர் பக்கம். அப்பளம் உடைந்திருந்தால்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆட்கள். (மாப்பிள்ளை தங்கம்.) அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "உன்னால ஒரு கொறையும் வரக் கூடாதுடா."

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பந்தல் காலோரம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். பாட்டு மாறும்போதெல்லாம் காதைச் சாய்த்துக் கேட்டு எழுதிக்கொண்டார். கம்பெனி ஆள்தான் என்று முடிவு கட்டினேன். தாலி கட்டுகிற நேரத்தில் செட்டைத் தூக்கிக்கொண்டு போனால் சம்பந்தி வீட்டார் முன்னால் அப்பா தலை நிமிர முடியுமா?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும்போதுதான் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள்.) சொந்தக்காரனே இல்லாத பாட்டைப் போட்டால்? பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை கழனியில் பாடிய நடவுப் பாட்டுகளை ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தேன். எழுதியவர் யாரோ, கம்பெனியும் கிடையாது. சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டுக் கேசட்டைப் போட்டேன். வெள்ளைச் சட்டைக்காரர் பேனாவை மூடினார்.

என் டெக் பர்மா பஜார் சரக்கு. ஒரு பக்கம் முடிந்தால் தானாகவே மறுபக்கம் பாடும். அந்தத் தைரியத்தில், முகூர்த்தம் நெருங்கும்போது, ஆளைச் சரிக்கட்டலாம் என்று கேசரியும் காபியும் எடுத்துக்கொண்டு போனேன்.

"சார் எந்த ஆபீஸுங்க?"

"ஆபீஸா? நான் மாப்பிள்ளைக்குப் பெரியப்பாங்க. நல்ல நல்ல பாட்டா போட்டீங்களே, லிஸ்ட் எழுதிக்கினு போனா காலி கேசட்ல பதிஞ்சிக்கலாம்னு பாத்தேன். ஏங்க நிறுத்திட்டீங்க?"

நிம்மதியில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் குழாயில் அஞ்சலை அத்தை மாரடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார். முந்தைய வருடம் அவர் மாமியார் செத்தபோது மறுபக்கத்தில் பிடித்தது. (டேப்ரிக்கார்டர் வாங்கிய புதிதில் நான் எதைத்தான் விட்டேன்? மாடு கத்தியதுகூட என்னிடம் இருக்கிறது.)

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றுவிட்டார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பர்மா பஜார் பொத்தானோ அமுக்கினால் அமுங்கவில்லை. ஒயரைப் பிடுங்கி அணைப்பதற்குள் கோடித் தெருக்காரர் ஒருவர் மாலையும் கையுமாகப் பந்தலுக்குள் வந்து, "எப்ப எடுக்கறாங்க?" என்று விசாரித்தார்.

சமையல் கட்டிலிருந்து அஞ்சலை அத்தை கரண்டியோடு வந்தார்.

"யாரக் கேட்டுடா போட்ட?"

"இல்ல அத்த, இதுக்குச் சொந்தக்காரங்க யாரும் கெடையாதுனு..."

"கெடையாதா? செத்தது என் மாமியா. அழுதது நானு. ஊட்டுக்குள்ள அழுதத ஊருக்கே போட்டுக் காட்டிட்டு, சொந்தக்காரங்க இல்லியாம்!"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனார்.

"ஒக்காருங்க சம்பந்தியம்மா. அழுத தொண்டையே வாழ்த்திப் பாடுது, கேளுங்க."

மைக் இல்லாமல் பாடினார். அந்தம்மாள் உட்கார்ந்தார். தாலி ஏறியது. பெரியப்பா மெதுவாகப் பேனாவைத் திறந்தார். அத்தை பார்த்த பார்வையில் மூடிவிட்டார்.

அதற்குப் பிறகும் பல வருடம் ஊரெல்லாம் பாட்டுப் போட்டேன். எந்தக் கம்பெனி ஆளும் வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யார் ரேடியோவைத் திருகினாலும் மாப்பிள்ளை கேட்பார்: "அத்தய கேட்டியா?"

போன வருடம் அத்தை போய்ச் சேர்ந்தார். பாடி அழ ஆளில்லை. அந்தப் பழைய கேசட்டையே போடலாம் என்று யாரோ சொல்ல, நானும் எடுத்துக்கொண்டு போனேன். அத்தையின் காலடியில் உட்கார்ந்திருந்த தங்கை அழுத முகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தய கேட்டியா?"

சாவு வீடு மொத்தமும் சிரித்துவிட்டது. நான் கேசட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.