மச்சான் என்னும் தெர்மாமீட்டர்

பங்குச் சந்தை விழுந்துகொண்டிருந்தது. தாராவியின் நீலத் தார்ப்பாய்க் கூரைகள்மேல் பங்குகள் மழையாகக் கொட்ட, சலாவுதீன் கூடையோடு சந்தில் இறங்கினார். எல்லோரும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டதால் சந்து முழுக்க அவருக்கே. தோல்பை தைக்கத் தோல் வாங்கும்போது செய்வதுபோல் ஒவ்வொரு பங்கையும் புரட்டி, பின்பக்கம் தடவிப் பார்த்து, நல்லதை மட்டும் கூடையில் போட்டார். நனைந்த பங்குகள் கூடைக்குள் மெல்ல மினுங்கின.

"ஏங்க, தூக்கத்துல சிரிக்கிய. இன்னைக்கும் விழுந்துட்டா?"

நூர் நிஷா சாயா டம்ளரோடு நின்றாள். சலாவுதீன் தடவித் தடவி மொபைலை எடுத்துப் பார்த்தார். சந்தை மறுபடியும் ஏறியிருந்தது.

"நாளைக்கு விழும் பாரு."

"ரெண்டு வருசமா நாளைக்குத்தான் விழுது."

கீழே தோல்பை பட்டறை, மேலே வீடு. காலையில் சூரியனுக்கு முன்னால் பசை நாற்றம் ஏணியேறி வந்துவிடும். நூர் நிஷா கேட்டது ஒன்றே ஒன்று: சான்பாடாவில் ஒரு வீடு, அதில் காற்று வரும் ஒரு ஜன்னல். சந்தை விழட்டும், மலிவாக வாங்கிப் போடுவோம், ஏறியதும் விற்று வீடு என்று சலாவுதீன் வாக்குக் கொடுத்திருந்தார். சந்தை விழவில்லை. சான்பாடா விலையும் அவருக்காக நிற்கவில்லை.

அவரைச் சூதாடி என்று சொன்னால் பாவம் பிடிக்கும். பக்ரீத் முடிந்த வாரம் ஆட்டுத்தோல் மலையாகக் குவிந்து விலை படுக்கும்போது வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிப் போடுகிற ஆள். அதையே பங்கில் செய்தால் 'வேல்யூ இன்வெஸ்டிங்' என்று ஒரு வீடியோவில் கேட்டபோது, தனக்கு இத்தனை நாள் இங்கிலீஷில் ஒரு பெயர் இருந்திருக்கிறதே என்று பூரித்துப் போனார். அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. கன்னாபின்னாவென்று ஏறியிருந்த பங்குகளை விற்று பேங்க்கில் டெபாசிட் போட்டார். நல்ல கம்பெனிகளை மனப்பாடம் செய்தார். மதிப்புக்குக் கீழே விலை வரும்வரை கையை நீட்டுவதில்லை என்று உறுதி எடுத்தார். துவாவில் மட்டும் சரிவு கேட்கவில்லை. அடுத்தவன் நஷ்டத்தை அல்லாஹ்விடம் கேட்கக் கூச்சமாக இருந்ததால் கனவோடு நிறுத்திக்கொண்டார்.

விழுகிற சந்தை அடிமட்டத்தைத் தொட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதை எந்த வீடியோவும் சொல்லவில்லை. அதற்குத்தான் அவருக்கு ஒரு மச்சான் இருந்தான்.

நூர் நிஷாவின் தம்பி ஷகீல், தாணேயில் இருக்கிறான். மொபைல் கவர் கடை வைத்தான், மூடினான். வண்ண மீன் விற்றான், மீனெல்லாம் செத்தது. அடைமழையில் லஸ்ஸிக் கடை திறந்தான். சலாவுதீன் பங்குகளை விற்ற அதே வாரம் ஷகீல் பங்கு வாங்கினான் என்று கேள்விப்பட்டதும் அவர் துள்ளிக் குதித்தார். "பாத்தியா நிஷா, ஷகீலே வாங்கிட்டான்னா இதாம்லா உச்சி! அவன் என்னைக்குப் பயந்து விக்கானோ, அன்னைக்கு அடிமட்டம். செலவில்லாத தெர்மாமீட்டர்!"

ஆனால் தெர்மாமீட்டர் இறங்க மாட்டேன் என்றது. சரி, உதறிப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அழைத்தார்.

"மச்சான், பெரிய சரிவு வருது. ஒண்ணும் மிஞ்சாது."

"நிஜமாவா மச்சான்?" ஷகீல் எலும்பைக் கடித்தான். "ஒங்களுக்குப் பயமா இருக்கா?"

"பயமாவா? தூக்கமே இல்லை!"

ஷகீலின் முகம் பெருநாள் பிறை கண்டதுபோல் மலர்ந்தது. "அரே, டென்ஷன் எதுக்கு மச்சான்? சோறு போட்டுக்கோங்க." மறுநாளே இன்னும் கொஞ்சம் பங்கு வாங்கினானாம். சந்தை கிடுகிடுவென்று ஏறியது.

பயம் ஷகீலுக்கு வரவில்லை, நூர் நிஷாவுக்கு வந்தது. "ஒண்ணும் மிஞ்சாதுன்னு ஒங்க வாயாலதான சொன்னிய? டெபாசிட்ட எடுங்க. இருக்கிற காசுக்குச் சின்ன வீடா இப்பவே பாத்துருவோம். ஜன்னல் இருந்தாப் போதும்."

சலாவுதீன் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். இத்தனை நாள் காத்தது வீணா? நல்லவேளையாக அந்த வாரம் சந்தை லேசாகச் சறுக்கியது. வீட்டுக்குத்தான் என்று அவளை நம்பவைத்து டெபாசிட்டை உடைத்தார். பணத்தைப் பங்குக் கணக்குக்கு மாற்றிவிட்டு, முதல் வேலையாக ஷகீலுக்கு போன் போட்டார்.

"மச்சான், டெபாசிட்ட உடைச்சிட்டேன். சந்தையில எறங்கப் போறேன்."

மறுமுனையில் ஷகீல் அவசரமாக போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலை ஷகீல் தாணேயிலிருந்து நேரில் வந்துவிட்டான். பட்டறை வாசலில் தலையைக் குனிந்து நின்றான்.

"எல்லாத்தையும் வித்துட்டேன் மச்சான். என்னைய மன்னிச்சிருங்க."

"அட, எதுக்குப்பா மன்னிப்பு?" சலாவுதீன் ஆனந்தத்தில் அவனைக் கட்டிக்கொண்டார். தெர்மாமீட்டர் இறங்கிவிட்டது! மதிப்பு, விலை, உறுதி எல்லாம் பசை நாற்றத்தோடு பறந்தன. ஷகீல் சந்து முனையைத் தாண்டுவதற்குள் கையிலிருந்த மொத்தத்துக்கும் வாங்கிவிட்டார்.

அடுத்த நாள் சந்தை விழுந்தது. சும்மா இல்லை, அவர் கனவில் கண்ட அதே சரிவு. மாதம் முடியும்வரை விழுந்துகொண்டே இருந்தது. தார்ப்பாய்க் கூரைமேல் மழை கொட்ட, சலாவுதீன் பரணில் படுத்துக் கண்ணை மூடினார். கனவில் பங்குகள் மினுங்கிக்கொண்டே இறங்கின. அவர் கூடை ஏற்கெனவே நிரம்பியிருந்தது, அதுவும் சரிவுக்கு முந்தைய விலையில். ஒன்றைக்கூடப் பொறுக்க இடமில்லை.

வீட்டுக் காசு பங்கில் போன கதை தெரிந்தும் நூர் நிஷா திட்டவில்லை. சுவரில் ஜன்னல் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"பயப்படாத நிஷா. என்னைக்கிருந்தாலும் ஏறும்."

ஏணியில் வளையல் சத்தம் கேட்டது. ஷகீலின் மனைவி ஷமீமா கையில் இனிப்பு டப்பாவும் ஒரு சாவியுமாக ஏறி வந்தாள்.

"மதினி, சான்பாடாவுல வீடு முடிச்சாச்சு! மூணு பக்கமும் ஜன்னல். மொத மொத நீங்கதான் தெறக்கணும்னு ஒங்க தம்பி சாவியக் குடுத்துவிட்டாக."

"ஷகீலா? அவனுக்கு ஏது..." சலாவுதீன் எழுந்து உட்கார்ந்தார்.

ஷமீமா ஒரு லட்டுவை அவர் கையில் வைத்தாள்.

"எல்லாம் ஒங்களாலதாண்ணே. நீங்க வித்தா அவுக வாங்குவாக, நீங்க வாங்கப் போறியன்னா அவுக வித்துருவாக. இப்ப வாங்குனத எப்ப விக்கப் போறியன்னு கேட்டுட்டு வரச் சொன்னாக!"