மலையை மட்டம் தட்டியவர்

கட்டுகிறவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இடிக்கிறவர்களைப் பற்றியும் குறைவில்லை. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று நம்மிடையே நடமாடுகிறது: சமன் செய்கிறவர்கள்.

நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர் உட்காரும் முன்பே சுவரில் மாட்டிய படத்தை ஒரு விரலால் தள்ளி நேராக்கி, பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, திருப்தியில்லாமல் திரும்பி வந்து மறுபடி தள்ளி, நீங்கள் கொடுத்த காபி ஆறுவதற்குள் அலமாரியிலிருந்த பாட்டில்களை உயரவாரியாக அடுக்கிவிட்டுப் போனாரே, அவர்தான். கெட்டவரா? அதெல்லாம் இல்லை. கெட்டவராக இருந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம். இவர் உதவி செய்ய வருகிறவர்.

இவர்களுக்காகவே செய்ததுபோல் இணையத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது. நாலு பேர் அவரவர் வீட்டிலிருந்தபடியே ஒரே உலகத்துக்குள் நுழையலாம். அங்கே காடு, மேடு, ஆறு எல்லாம் சதுரம் சதுரமான கட்டிகளால் ஆனவை. வெட்டலாம், அடுக்கலாம். மற்றவர்கள் உள்ளே போனதும் வீடு கட்டுவார்கள், தோட்டம் போடுவார்கள், கோழி வளர்ப்பார்கள். நம்மவர் போனதும் கேட்கும் முதல் கேள்வி, “மண்வெட்டி எங்கே இருக்கு?” அடுத்த வாக்கியம், “முதல்ல தரை. அப்புறம் எது வேணா கட்டிக்கலாம்.” அந்த ‘அப்புறம்’ வந்ததாக யாருக்கும் நினைவில்லை. நாள் முழுக்க வெட்டி ஒரு பெரிய மைதானத்தைச் சமன் செய்வார். கடைசி மூலையில் ஒரே ஒரு கட்டி பள்ளமாக இருப்பது கண்ணில் படும். அந்தப் பள்ளத்தை நிரப்புவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மைதானம் முழுவதையும் அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குவார்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல் செட் செய்யும் பட்டறையில் வேலை அவருக்கு. அடுத்தவர் வாயில் போகவேண்டிய பற்களை வரிசை பிசகாமல் அடுக்கி, ராவி, வழவழப்பாக்குகிற வேலை. விளையாட்டில் அவருக்கு ‘ரசமட்டம்’ என்று பெயர் வைத்தது கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள். கொத்தனார் சுவர்மேல் வைத்துக் கோணல் பார்க்கும் அந்தக் கருவியின் பெயர் தனக்குச் சூட்டப்பட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்த உலகத்தை உருவாக்கியதும் மகள்தான், ஒரு காரணத்தோடு. அவளுடைய அம்மாவுக்கும் வேறு ஊரிலிருந்த சித்திக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. “பொண்ணுக்கு ரொம்ப இடம் குடுக்கறே அக்கா” என்று தங்கை சொல்லப்போக, “பெத்து வளர்த்துப் பாரு, தெரியும்” என்று அக்கா சொல்லிவிட்டாள். தங்கைக்குக் குழந்தை இல்லை. அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்த கணத்திலேயே அக்காவுக்கு உறைத்தது. ஆனால் போன் அதற்குள் வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மௌனம்.

மகள் இருவரையும் தனித்தனியாக விளையாட்டுக்குள் இழுத்துவந்தாள். உள்ளே ஒரு மலை இருந்தது. கோணலும் மாணலுமாக, ஒட்டகம் படுத்ததுபோல் ஒரு மலை. அதன் ஒரு சரிவில் அக்கா ஒரு குட்டி வீடு கட்டினாள். மறு சரிவில் தங்கை கட்டினாள். சில நாள் கழித்து உச்சியில் ஒரு பெஞ்சு முளைத்தது. யார் போட்டதென்று யாரும் கேட்கவில்லை. சாயங்காலங்களில், விளையாட்டில் அவர்களாக நடமாடும் இரண்டு பொம்மைகளும் அதில் போய் உட்காரும். ‘உன் கோழி என் பக்கம் வந்துச்சு’ என்று ஒருத்தி தட்டச்சு செய்வாள். ‘அங்கேயே இருக்கட்டும்’ என்று மற்றவள் பதில் போடுவாள். பிறகு, ‘முட்டிவலி எப்படி இருக்கு?’ அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் பேச்சு.

இதெல்லாம் நம் ரசமட்டத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் கண்ணுக்கு மலைதான் தெரிந்தது. ஒரு விடுமுறை நாளில் மனைவி கடைக்குப் போயிருந்தபோது உள்ளே நுழைந்தார். அக்காவும் தங்கையும் இப்படி ஆளுக்கொரு சரிவில் தொங்கிக்கொண்டிருக்கிறார்களே, நடுவில் இந்த மேடு எதற்கு என்று அவருக்கு மனது கேட்கவில்லை. மவுஸைப் பிடித்தார். மத்தியானத்துக்குள் மலை இல்லை. இரண்டு வீடுகளையும் ஒரு கட்டி குறையாமல் பிரித்து, கீழே எதிரும் புதிருமாக நிறுத்தி, நடுவில் கோடு போட்டதுபோல் ஒரு சாலை போட்டார். பெஞ்சு மட்டும் எங்கே வைத்தாலும் துருத்திக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டார்.

முதலில் உள்ளே வந்தது தங்கை. பார்த்தாள். ‘புரிஞ்சுது அக்கா’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வெளியே போய்விட்டாள்.

மனைவி வீடு திரும்பி, கணினியில் அந்த வரியைப் பார்த்துவிட்டு, பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்: “மலை எங்கே?”

“எடுத்துட்டேன்.”

“எடுத்து எங்கே போட்டீங்க?”

“பெட்டியில போட்டு வெச்சிருக்கேன். மண்ணு கொஞ்சம்கூட வீணாகலை.”

அவள் திட்டவில்லை. உள்ளே போய் ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளை உதறி மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். இருபுறமும் ஓரம் ஒட்டாமல் அவள் மடித்ததைப் பார்த்துக்கொண்டு அறை வாசலில் நின்ற மனிதருக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அதைச் சரிசெய்யத் தோன்றவில்லை.

மச்சினிக்குப் போன் செய்தார். அவராகப் போன் செய்வது அதுவே முதல் முறை.

“மலையை வெட்டினது உங்கக்கா இல்லைம்மா. நான்தான். அவளுக்குத் தெரியவே தெரியாது.”

“நீங்க ஏன் அத்தான் வெட்டினீங்க?”

“மேடா இருந்துச்சு.”

“அக்கா என்ன பண்றா?” என்றாள்.

“மடிச்ச துணியையே மடிக்கிறா.”

“அப்ப அழுதிருக்கா. போனை அவகிட்ட குடுங்க.”

கொடுத்தார். கதவுக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம். “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி” என்று மனைவியின் குரல். அதற்கு மறுமுனை என்ன சொல்லிற்றோ தெரியாது. கொஞ்ச நேரம் பொறுத்து ஒரு சிரிப்பு. அதற்குமேல் பேச்சு நிற்கவேயில்லை. எதைப் பற்றி? அவரைப் பற்றித்தான். “அதை ஏன் கேக்கறே, இங்க ஃப்ரிட்ஜுக்குள்ள வந்து பாரு” என்று தொடங்கி, கல்யாணத்தன்று அவர் மாலைகளின் நீளத்தை ஒப்பிட்டுப் பார்த்ததுவரை போயிற்று. பிரிந்த இருவரைச் சேர்த்துவைக்கக் குறை சொல்வதற்கு ஒரு பொது ஆள் போதும் என்பதை அவர் கதவருகே நின்று தெரிந்துகொண்டார்.

மலையைத் திருப்பிக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார். கட்டினார். சகோதரிகள் இருவரும் ஏறிப் பார்த்தார்கள். நாலு பக்கமும் ஒரே அளவு, ஒரே சாய்வு, உச்சியில் கச்சிதமான சதுரம்.

“அத்தான், இது மலையா, மாடிப்படியா?” என்றாள் மச்சினி, இப்போது போனில் பேசிக்கொண்டே விளையாடுகிறவள்.

“மலைதாம்மா. கொஞ்சம் ஒழுங்கா இருக்கு.”

அவர்களே இடித்தார்கள், அவர்களே கண்டபடி அள்ளிக் கொட்டினார்கள். மண் சுமப்பது மட்டும் அவர் பொறுப்பு. தொடுவதற்கு அனுமதி இல்லை. அவருக்கென்று தூரத்தில் யாரும் போகாத ஒரு பாலைவனத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே நிம்மதியாக வெட்டிக்கொண்டிருக்கிறார். எப்போதாவது, “அத்தான், கோழிக்கூண்டுக்குக் கொஞ்சம் சமமா இடம் வேணும்” என்று கூப்பிட்டால், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவருகிறார். கேட்டதைவிடச் சற்று அதிகமாகவே சமன் செய்துவிட்டுப் போகிறார்.

பாவம் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், இந்தக் கட்டுரையின் பத்திகள் ஒன்று நீளமாகவும் ஒன்று ஒற்றை வரியாகவும் கிடக்கின்றனவே, யாராவது உட்கார்ந்து ஒரு சீராக வெட்டியிருக்கலாமே என்று படிக்கும்போது உங்களுக்கு எங்காவது தோன்றியிருந்தால், தயவுசெய்து என் வீட்டுக்கு வரும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள்.