ஒரு புலிக்கு எவ்வளவு நேரம்?

அரண்மனை கட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. கல், மரம், கொஞ்சம் தங்கத் தகடு, மறுத்துப் பேசத் தைரியமில்லாத நாலாயிரம் தச்சர்கள் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் கட்டிவிடலாம். அந்த அரண்மனையைப் பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அறுதியிட்டுச் சொல்லும் ஞானம் இருக்கிறதே, அது மனித குலத்தில் இதுவரை ஒரே ஓர் அமைப்புக்குத்தான் வாய்த்திருக்கிறது. அதுதான் எங்கள் மிசோகுச்சி மூன்றாம் தெருக் குடியிருப்போர் சங்கம். அதன் சுற்றுலாக் குழுவில் துணைச் செயலாளர் இகராஷி என்று ஒருவர் இருக்கிறார். அடக்கம் கருதி அவரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அவர் நான்தான்.

ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் எங்கள் தெருவே ஒரு பேருந்தில் ஏறி, பழைய பிரபுக்களின் அரண்மனைக்கும் அதே வளாகத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்கும் போய்வரும். பதினெட்டு ஆண்டுகளாகப் போகிறோம். ஒருவர், ஒரே ஒருவர்கூடப் பேருந்துக்குத் தாமதமாகத் திரும்பியதில்லை. பக்கத்துத் தெருச் சங்கம் போன வருடம் ஒரு கிழவரை அருவிக்கரையிலேயே மறந்துவிட்டு வந்தது. எங்களுக்கு அந்த மாதிரிப் பேச்சே கிடையாது.

இந்தப் பெருமைக்கெல்லாம் காரணம் தலைவர் குரேபயாஷி. ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியிடம் பேசும்போதுகூட 'புறப்பாடு', 'வருகை' என்ற சொற்களைத்தான் பயன்படுத்துவார் என்று கேள்வி. இந்த ஆண்டின் 'பார்வை நேர ஒதுக்கீட்டுக் கூட்டம்' அவர் தலைமையில் சங்க அறையில் கூடியது.

"அறைக்கு மூணு நிமிஷம்" என்று ஆரம்பித்தார் தலைவர்.

"காலி அறைக்கும் மூணா?" என்றார் மருந்துக்கடை ஒகுதா.

"காலி அறைக்கு ரெண்டு."

"அது காலின்னு நம்பறதுக்கே ஒரு நிமிஷம் ஆகுமே, தலைவரே."

இதன் நுட்பத்தை அவை உடனே உணர்ந்தது. காலி அறைக்கும் மூன்று என்று திருத்தப்பட்டது. அருங்காட்சியகத்தில் வாள்களுக்கு ஒரு நிமிடம், உடைந்த வாள்களுக்கு அரை நிமிடம், பானைகளுக்கு நடந்துகொண்டே பார்க்கும் சலுகை. எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. சலவைக்கடை ஷியோமி ஹிசாயோ.

"புலிக்கு எவ்வளவுங்க?"

"எந்தப் புலிக்கு?"

"பெரிய கூடத்துல தள்ளுகதவுல வரைஞ்சிருக்கே, அந்தப் புலிக்கு. வரைஞ்சவரு உசுரோட புலியையே பார்த்ததில்லையாம். தோலையும் வீட்டுப் பூனையையும் வெச்சு ஒப்பேத்தியிருக்காரு. எங்க அக்கா தனியாப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றா, அது அச்சு அசல் எங்க வீட்டுக்காரர் மூஞ்சியாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் கொஹேய் முகத்தைச் சுளித்தார். அந்தக் கணத்தில் அவர் கொஞ்சம் அப்படித்தான் இருந்தார்.

"நானூறு வருஷத்துக்கு முந்தின புலி எப்படிடீ என்னை மாதிரி இருக்கும்? நான் வேணா அதை மாதிரி இருக்கலாம்."

"அதைத்தான் பார்த்துட்டு வந்து சொல்றேங்கறேன்."

ஹிசாயோ சொன்ன விஷயம் சிரிப்பாக இருந்தாலும் சிக்கல் உண்மையானது. இந்த மாதத்தோடு அந்தக் கதவுகளைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொண்டு போகிறார்கள். இனிமேல் நகல்தான். அசல் திரும்பி வர எப்படியும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஹிசாயோவுக்கு எழுபத்தொன்று. பதினெட்டு வருடமும் எங்களோடு வந்தவர். வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

"இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான். நான் இருக்கணும், எனக்குக் கண்ணு தெரியணும், அதுவும் திரும்பி வரணும். மூணும் நடக்கற காரியமா?" என்றார்.

தலைவர் பேனாவைத் திறந்தார். "சரி. ஒரு புலிக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"பார்த்து முடிக்கிற வரைக்கும்."

தலைவர் பேனாவை மூடினார். அப்படி ஒரு நேரம் ரயில்வே வரலாற்றிலேயே இல்லை. ஒகுதா உதவிக்கு வந்தார்.

"நிக்கிற புலியா, படுத்த புலியா? படுத்ததுன்னா சட்டுனு பார்த்துடலாம்."

அரை மணி நேர விவாதத்துக்குப் பின், புலி ஒன்றுக்கு நான்கு நிமிடம், குட்டி இருந்தால் கூடுதலாக ஒன்று என்று ஏகமனதாக நிறைவேறியது. எல்லாவற்றையும் கூட்டியதில் அரண்மனைக்கு ஒன்றரை மணி, அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி. ஒன்பதுக்கு வாசல் திறக்கும், பதினொன்றரைக்குப் பேருந்து கிளம்பும். இதைவிடத் தாராளமாக எந்தச் சங்கம் கொடுக்கும்?

இனி எங்கள் பண்பாட்டின் உச்சத்தை விளக்க வேண்டும். பதினொன்றரைக்குப் பேருந்து என்றால் பதினொன்றரைக்கு வருகிறவன் மனிதனே இல்லை. அவனுக்காக மற்றவர்கள் காத்திருக்க நேரும். ஆகவே தலைவர், ஒரு பாதுகாப்புக்காக, அறிவிப்பில் பதினொன்றேகால் என்று போட்டார். தெருவின் நான்கு குழுத் தலைவர்களும், தங்கள் குழு கடைசியாக வந்து மானம் போகக்கூடாதே என்று, வீடு வீடாகப் போய்ப் பதினொன்று என்றார்கள். பேருந்தின் வழிகாட்டிப் பெண் கொடியை ஆட்டி, "பத்தே முக்காலுக்கு எல்லாரும் வந்துட்டா ரொம்ப உதவியா இருக்கும்" என்றார். அதைக் கேட்ட ஒவ்வொருவரும் மனதுக்குள் பத்தரை என்று எழுதிக்கொண்டார்கள். பத்தேகாலுக்கு நாலு பேர் பேருந்துப் பக்கம் நடந்தால், அதைப் பார்த்த மற்றவர்களுக்குக் கால் தரிக்காது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாரையும் கெடுக்கவில்லை. எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான். நல்லவர்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடினால் ஓர் அரண்மனையால் என்ன செய்ய முடியும்?

பயண நாள் வந்தது. ஏழு மணிப் பேருந்துக்கு ஆறு மணிக்கே தெரு முழுவதும் ஆஜர். ஓட்டுநர் மட்டும்தான் சரியான நேரத்துக்கு வந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். வழியில், நேரத்தை மிச்சப்படுத்த, அரண்மனையைப் பற்றிய படத்தைப் பேருந்துத் தொலைக்காட்சியில் ஓடவிட்டோம். இதற்கு 'முன்பார்வை' என்று பெயர். என்னுடைய யோசனை. படம் முடிந்ததும் பலத்த கைதட்டல்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. இறங்கித்தான் ஆகணுமா?" என்று கேட்டார் ஒகுதா.

இறங்கினோம். வாசல் திறக்கவில்லை. காத்திருந்து, திறந்ததும், உள்ளே போகாமல் வாசலிலேயே குழுப் படத்துக்கு நின்றோம். படம் இல்லாவிட்டால் வந்ததற்கு என்ன அத்தாட்சி? உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால், கண் சிமிட்டியவர்களுக்காக மறுபடி, மறுபடியும் சிமிட்டியவருக்காக இன்னொரு தடவை. பிறகு கழிப்பறை வரிசை. பிறகு இனிப்புக் கடை, ஏனென்றால் பயணம் போனால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஏதாவது வாங்கிப் போகாமல் இருக்க முடியாது. அக்கம்பக்கம் முழுவதும் அதே கடையில்தான் நின்றுகொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் திரும்புங்களேன், உங்களுக்குத்தான் வாங்கறேன்."

"ஐயோ, நான் உங்களுக்கு அதே டப்பாவைத்தானே வாங்கிட்டேன்!"

"பரவாயில்ல, நம்ம ரெண்டு பேருக்கும் பிடிச்சதுதானே."

அங்கேயே அருங்காட்சியகத்தின் பொக்கிஷங்கள் அச்சடித்த பிளாஸ்டிக் கோப்புறையும் கிடைத்தது. அதை வாங்கியவர்களுக்கு அருங்காட்சியகம் முடிந்துவிட்டது. அரண்மனைக்கு மிச்சமிருந்த நேரத்தில் குழுத் தலைவர்கள் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினார்கள்.

"கூரையைப் பார்த்தாச்சா? கூரையைப் பார்த்துட்டா அதுக்குக் கீழ இருக்கறதையும் பார்த்த மாதிரிதான். நடங்க, நடங்க."

பேருந்தில் ஏறித் தலைகளை எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. கொஹேயின் பக்கத்து இருக்கையில் இனிப்பு டப்பா மட்டும் உட்கார்ந்திருந்தது.

தலைவரின் முகம் வெளிறிவிட்டது. "இகராஷி சான்! ஓடுங்க!"

ஓடினேன். அரண்மனை நடையில், காலணி அடுக்கும் பலகைக்கு முன்னால் ஹிசாயோ தன் செருப்பைக் கழற்றி ஒழுங்காகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஹிசாயோ சான், எல்லாரும் ஏறிட்டாங்க!"

"பஸ் எப்போங்க?"

"பதினொன்றரைக்கு."

"இப்போ மணி என்ன?"

பார்த்தேன். பத்தரைகூட ஆகவில்லை. அதை வாய்விட்டுச் சொல்வது நாகரிகமில்லை என்று தோன்றியதால் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"வாங்களேன் நீங்களும். நாலு நிமிஷப் புலி, நீங்க ஒதுக்கினதுதானே" என்றபடி உள்ளே போய்விட்டார்.

நான் அன்று கட்டுக்கயிறு வைத்த பூட்ஸ் போட்டிருந்தேன். அவிழ்க்க நேரம், கட்ட நேரம். இரண்டுக்கும் நாங்கள் ஒதுக்கீடு செய்திருக்கவில்லை. வாசற்படியிலேயே நின்று கழுத்தை நீட்டினேன். இருட்டான தாழ்வாரம், அதன் கோடியில் ஏதோ பொன்னிறமாக மினுக்கிற்று. அங்கிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கும் சிரிப்பு. எழுபத்தொரு வயதில் அப்படிச் சிரிக்க அங்கே என்னதான் இருக்கும்? எனக்கு வயிறு எரிந்தது என்பதை ஒளிப்பானேன்.

பேருந்துக்குத் திரும்பி அறிக்கை கொடுத்தேன்.

"எந்த அறையில இருக்காங்க?" என்றார் தலைவர், வரைபடத்தை விரித்து.

"சிரிக்கிற அறையிலங்க."

வரைபடத்தில் அப்படி அறை இல்லை. அதன்பிறகு மூன்று தடவை ஓடினேன். மூன்று தடவையும் கயிறு முடிச்சைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பேருந்தில் இருந்தவர்கள் இருக்கை வாரைப் பூட்டிக்கொண்டு, மடியில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட ஒரே மாதிரி டப்பாக்களோடு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். கொஹேய் ஒவ்வோர் இருக்கையாகப் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டார். கடைசி இருக்கை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

பதினொன்றரை அடிக்க, ஹிசாயோ கன்னமெல்லாம் சிவந்து, காலெடுத்துப் பேருந்தில் வைத்தார். ஓட்டுநர் அப்போதுதான் சாவியைத் திருப்பினார்.

தலைவர் ஒலிவாங்கியை எடுத்தார். "பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா, நம்மள்ல ஒருத்தர் தாமதம்."

"மணி பதினொன்றரைதானே ஆகுது?" என்றார் ஒகுதா மெதுவாக.

"பதினொன்றரைங்கறது பஸ்ஸுக்கு. மனுஷங்களுக்கு இல்ல!"

மறுக்க முடியாத வாதம். பேருந்தே தலை குனிந்தது. பின்னாலிருந்து யாரோ, "அப்போ, புலி?" என்றார்கள்.

ஹிசாயோ கணவரை மேலும் கீழும் பார்த்தார். "இவரு மாதிரி இல்லவே இல்லைங்க. அது சிரிக்குது."

பேருந்து சிரிப்பில் குலுங்கியது. கொஹேய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் அவர் பற்கள் தெரிந்தன. பழக்கமில்லாததால் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது, இருந்தாலும் வந்தது. ஹிசாயோ நிறுத்தவில்லை. பாதம் நாலும் அரிசிக் கொழுக்கட்டை போலப் புசுபுசுவென்று இருக்கிறதாம். வால் எங்கே முடிகிறதென்று வரைந்தவருக்கே தெரியாமல் அடுத்த கதவு வரை போய்விட்டதாம். எல்லோரும் இருக்கை வாரை அவிழ்த்துவிட்டு இருக்கைகளின் மேல் எட்டிப் பார்த்தார்கள். அப்போது கூரையிலிருந்த ஒலிபெருக்கிகளில் ஒரு குரல் வந்தது, கிசுகிசுப்பாக, குழந்தை மாதிரி:

"காது? காது எப்படி இருக்கும்?"

தலைவர் ஒலிவாங்கியை அணைக்க மறந்திருந்தார்.

மறு வாரம் சங்க அறையில் சுயவிமர்சனக் கூட்டம். எந்த நிகழ்ச்சிக்குப் பிறகும் நாங்கள் கூடி, தவறு எங்கே என்று நெஞ்சைத் தொட்டு ஆராய்வோம். இந்த முறை ஆராய்ச்சி சீக்கிரமே முடிந்தது. பேருந்தில் கோளாறு இல்லை. அட்டவணையில் கோளாறு இல்லை. கழிப்பறையும் இனிப்புக் கடையும் பிரமாதமாக ஒத்துழைத்தன. அப்படியானால் ஓர் உறுப்பினரைத் தாமதப்படுத்தியது எது? நான்தான் எழுந்து அதைச் சொன்னேன்: அரண்மனை. அடுத்த ஆண்டிலிருந்து அதை நீக்கிவிட்டு, வண்டி நிறுத்துமிடம் வரை மட்டும் போய்வருவது என்ற என் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கை தூக்கினார்கள். சிலருடைய கை மட்டும் பாதியிலேயே நின்றது.

பிறகு ஹிசாயோ எழுந்து நின்றார். முறைப்படி இடுப்பு வரை குனிந்தார். "என் ஒருத்தியால எல்லாரும் காத்துக் கிடக்க வேண்டியதாப் போச்சு. மன்னிக்கணும். நான் உள்ள போய்ப் பார்த்துட்டேன்."

எங்கள் சங்கத்தில் கருணைக்கு என்றைக்கும் குறைவில்லை. தலைவர் எழுந்து, பதிலுக்குக் குனிந்து, எல்லோர் சார்பிலும் பெருந்தன்மையாகச் சொன்னார்:

"பரவாயில்ல, ஹிசாயோ சான். பார்த்தது பார்த்துட்டீங்க. இனிமே பார்க்காம இருந்தாப் போதும்."