கழுத்துக்கு எட்டு மில்லிமீட்டர்

"எட்டு வச்சா இன்னா கொறைஞ்சிடும், டாக்டரம்மா?" என்று கேட்டார் ஆபித் பாஷா.

டாக்டர் பெர்சிஸ் ஸ்கேன் படத்திலிருந்து கண்ணை எடுத்தார். "உங்க கழுத்துக்கு ஆறு மில்லிமீட்டர் போதும் பாய்."

"வக்காருக்கு எட்டு வச்சிருக்காங்களாம்."

"அவர் கழுத்து வேற."

வக்கார் அகமது, ஆம்பூர் ஷூ கம்பெனியில் பாஷாவின் பக்கத்து மேசைக்காரர். இவரைவிட ஒரு சாண் குள்ளம். அதுதான் பாஷாவை உறுத்தியது.

முப்பது வருஷம் குனிந்து தோல் வெட்டியதில் பாஷாவின் கழுத்தில் ஒரு வட்டு தேய்ந்து, நரம்பை அழுத்தியது. வலது கையில் இரண்டு விரல்கள் மரத்துவிட்டன. தேய்ந்ததை எடுத்துவிட்டு அங்கே ஒரு சின்னத் துண்டு வைத்து, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஒன்றாக்க வேண்டும். தள்ளிப்போட்டால் இனி கத்தி பிடிக்க முடியாது. வியாழக்கிழமை ஆபரேஷன். அவர் கையெழுத்துதான் பாக்கி.

"பெரிசா வெட்டினா அப்புறம் சீவிக்கலாம். சின்னதா வெட்டினா தூக்கித்தான் போடணும். எங்க வேலையில இதான் முதல் பாடம்."

"எலும்பு தோல் இல்லையே பாய். பெரிசா வச்சா பின்பக்க மூட்டு இழுபடும். மேலயும் கீழயும் இருக்கிற வட்டு ஜாஸ்தி பாரம் தாங்கும்."

"நடுவுல வச்சா அக்கம்பக்கத்துக்கு இன்னா வந்துச்சு?"

"ரெண்டு நாள் இருக்கு. வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க."

பாஷா மறுநாள் கம்பெனிக்குப் போய் யோசித்தார். மதியத்துக்குள் வெட்டும் பிரிவு எட்டுக் கட்சி, ஆறு கட்சி என்று பிளந்தது. சூப்பர்வைசர் செந்தில்குமார் ஏழுக்கு சமரசம் பேசினார். வேலை நின்றுபோனதுதான் மிச்சம். "நீங்க இன்னிக்கே லீவுல போங்க பாய்" என்று அனுப்பிவைத்தார்.

பாஷா வீட்டுக்கு வெறுங்கையோடு வரவில்லை. குதிகால் ரப்பர் கழிவுத் துண்டுகள், உள்ளங்கால் ஸ்பாஞ்ச், எலாஸ்டிக் பட்டை.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்றாள் மனைவி ஹலீமா பீ.

"கழுத்து செய்யப்போறேன்."

ரப்பர் எலும்பு, ஸ்பாஞ்ச் வட்டு, பின்னால் ஒட்டிய எலாஸ்டிக் மூட்டு. வெட்டுவதற்கு அவர் விரல் ஒத்துழைக்கவில்லை. ஹலீமாதான் வெட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் சீவு."

"கத்தி என் கையில இருக்கு. பார்த்துப் பேசுங்க."

நடுவில் எட்டு மில்லிமீட்டருக்குத் தோல் அடுக்கினார்கள். தலைக்குப் பதிலாக ஐந்து கிலோ சீரகச் சம்பா பையை ஹலீமா தூக்கி வைத்தாள். எலாஸ்டிக் விறைத்தது. மேல் ஸ்பாஞ்சும் கீழ் ஸ்பாஞ்சும் அப்பளமாயின. பாஷா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். அதற்குள் கழுத்து சாய்ந்து, அரிசி கூடம் முழுக்கக் கொட்டியது.

ஹலீமா துடைப்பத்தை எடுத்தாள். பாஷா இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை, ஹலீமா. ஐஞ்சு வச்சுப் பார்க்கலாம்."

ஐந்து லொடலொடவென்று ஆடியது. அரிசி மறுபடி கொட்டியது. அள்ளிக் கட்டி, ஆறு வைத்தார்கள். பை அசையாமல் உட்கார்ந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"நடுவுல பெரிசா வச்சா அக்கம்பக்கம்தான் அடி வாங்குது" என்றார் பாஷா மெதுவாக.

"இதைத்தானே அந்தம்மா சொன்னாங்க?"

"சொன்னாங்க. காட்டலையே."

புதன்கிழமை காலை, ரப்பர் கழுத்தை பிஸ்கட் டப்பாவில் வைத்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். ஆறு ஏன் சரி, எட்டு ஏன் தப்பு என்று டாக்டருக்குப் பத்து நிமிஷம் விளக்கினார். எலாஸ்டிக்கை இழுத்தும் காட்டினார். டாக்டர் பெர்சிஸ் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்பவர்போலக் கேட்டார்.

"நல்லா கண்டுபிடிச்சிருக்கீங்க பாய்."

பாஷா மரத்த விரல்களுக்கிடையே பேனாவைச் செருகி, இடது கையால் தாங்கிப் பிடித்து, கையெழுத்துப் போட்டார்.

நர்ஸ் ரெனிட்டா வந்து ரப்பர் கழுத்தை எடுத்துக்கொண்டு, மூலையிலிருந்த அலமாரியைத் திறந்தாள். உள்ளே இடம் தேடினாள்.

"டாக்டர், இதோட பதினாலு கழுத்து ஆச்சு. இனிமே வர்ற ஷூ கம்பெனிக்காரங்களை யோசிக்க வீட்டுக்கு அனுப்பாம, இங்கயே உட்கார வச்சு செய்யச் சொல்லிடலாமா?"