ஆறாவது டம்ளர்

2003ஆம் ஆண்டு அக்டோபர் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. வானம் மூடிக் கிடந்தது. காற்று இல்லை. சிறுமலைப் பக்கம் இரண்டு தடவை இடித்தது. தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் (பெயர் சொல்ல மாட்டேன், அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் இறங்க எனக்கு இன்றைக்கும் கூசும்). அங்கே நூற்றுப் பதினேழு பேர் கூடியிருந்த கிராம சபையில், முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த என்னைப் பார்த்து ஓர் அம்மாள், "சாருக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். மைக்கை யாரும் அணைக்கவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் மூடி வைத்திருந்ததை இப்போது எழுதக் காரணம் தொலைக்காட்சி. போன வாரம் நான்கு பேர் உட்கார்ந்து, அரசாங்கம் ஏழைகளுக்கு எப்படிக் கொடுக்க வேண்டும், உண்மையான ஏழையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஐம்பது நிமிடம் விவாதித்தார்கள். நால்வரில் மூவர் கோட்டுப் போட்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் "தகுதி", "தகுதி" என்று பத்தொன்பது முறை சொன்னார். இருபதாவது முறை சொல்வதற்குள் என் மனைவி பிலோமினா பெட்டியை அணைத்துவிட்டாள். என் ரத்த அழுத்தம் அவளுக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கோபம் அந்தக் கோட்டுக்காரர் மேல் மட்டும் இல்லை. அவர் பேசியது அத்தனையும் ஒரு காலத்தில் நான் பேசியது. அதே வார்த்தை, அதே கை ஆட்டல். எனக்குக் கோட்டு மட்டும் இல்லை.

ஆசிரியர் அறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் சொற்பொழிவு தினமும் நடக்கும். அரசாங்கப் பணம் என்பது வரி கட்டுகிறவன் வியர்வை (நான் கட்டிய வரி அந்த வருடம் எவ்வளவு என்பதையும் சொல்வேன்). அதனால் சலித்து, புடைத்து, கல் நீக்கித்தான் கொடுக்க வேண்டும் என்பேன். அறிவியல் ஆசிரியர் சூசை மட்டும் ஒருநாள் ரசத்தைக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஒருத்தன் ஏமாத்திருவான்னு பயந்துக்கிட்டு ஒம்பது பேர வாசல்ல நிறுத்துறீரு. ஏமாத்துறவன் வாசல் வழியா வரமாட்டான் காணும்."

நான் சிரித்தேன். சூசைக்குக் கணக்கு வராது என்பது என் எண்ணம்.

அப்போதுதான் வறுமைக் கணக்கெடுப்பு வந்தது. ஆசிரியர்களைத்தான் அனுப்பினார்கள். மற்றவர்கள் கோடை விடுமுறை போச்சே என்று புலம்பியபோது நான் ஒருவன் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். படிவத்தில் பதின்மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். நிலம் எவ்வளவு, வீடு எப்படி, கடன் உண்டா, எத்தனை வேளைச் சாப்பாடு, மின்விசிறி, தொலைக்காட்சி உண்டா. ஆளுக்கு எத்தனை உடுப்பு என்றுகூட ஒரு கேள்வி. மதிப்பெண் கூடினால் ஏழை இல்லை. பட்டியலில் பெயர் வராது. பெயர் வராவிட்டால் அரசாங்கத் தொகுப்பு வீடு கிடையாது. ஃபெயிலானால்தான் பாஸ். நான் பார்த்த பரீட்சைகளிலேயே வினோதமானது அது. அப்போது எனக்கு அது வினோதமாகப் படவில்லை. உலகத்தை ஒருவழியாக எண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்று மகிழ்ந்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் எனக்கு. ஏப்ரல் கடைசி வாரம், உச்சி வெயிலில், பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். கணவனை இழந்தவர். மல்லிகைத் தோட்டங்களில் விடியற்காலை பூ எடுக்கும் வேலை. ஒரு மகள். மண்சுவர், தென்னங்கீற்றுக் கூரை. வடபுறச் சுவர் வயிறு தள்ளி நின்றது. அதை நான் பார்க்காமல் இல்லை, 'வீடு: மண்சுவர்' என்று எழுதி மதிப்பெண்ணும் போட்டேன்.

உள்ளே போனால் எனக்கு ஆச்சரியம். பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. மேசை விசிறி ஒன்று, அதுவும் என்னைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டு. மூலையில் துணி போட்டு மூடிய தொலைக்காட்சி. பிரஷர் குக்கர். கொடியில் ஒன்பது சேலைகள். எவர்சில்வர் டம்ளர்கள் ஆறு, கழுவிக் கவிழ்த்து. விசிறியின் வயர் சன்னல் வழியாக வெளியே போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரேறிப் போயிருந்தது. அந்த வயரில் என் கால் தடுக்கி, விழப் பார்த்தேன். கால் தடுக்கியது, புத்திக்குத் தடுக்கவில்லை.

பேச்சியம்மாள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, விசிறியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைத்தார். செத்த நேரத்தில் காப்பி வந்தது. குடித்துக்கொண்டே கேட்டேன்.

எத்தனை வேளைச் சாப்பாடு? "மூணு வேளையும் சாப்புடுறோம் சார்." கடன்? "யாருகிட்டயும் அஞ்சு பைசா இல்ல சார்." இரண்டுக்கும் முழு மதிப்பெண். வீட்டுக்கு வந்த அந்நியனிடம், காப்பியை ஆற்றிக் கொடுத்த கையோடு, நாங்கள் ராத்திரி பட்டினி என்று எந்த மனுஷி சொல்வாள்? என் மனைவியாக இருந்தால் சொல்லியிருப்பாளா? இந்தக் கேள்வி எனக்கு அன்று வரவில்லை. படிவத்தில் இல்லை.

அடுத்த வீடு தங்கவேலுடையது. இரண்டு ஏக்கர் மல்லிகை, பம்பு செட்டுக் கிணறு என்று ஊரில் சொல்வார்கள். அவரோ நிலம் மைத்துனருடையது என்றார். வீட்டுக்குள் ஒன்றுமே இல்லை. சாக்கை விரித்துத் தரையில் உட்காரச் சொன்னார். சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த இடம் வெளிறி வட்டமாகத் தெரிந்தது. தரையில் கட்டில் கால்களின் தடம் நான்கு. (நான்கு என்று எண்ணவும் செய்தேன்.) கொல்லையில் வைக்கோல் போருக்குள்ளிருந்து ஏதோ மின்னியது. பித்தளைச் சட்டி என்று நினைத்தேன். அது மோட்டார் சைக்கிள் கண்ணாடி என்று அக்டோபரில் தெரிந்தது. தங்கவேல் பெருமூச்சு விட்டு, "பொழப்பு ஓடுது சார், அம்புட்டுத்தான்" என்றார். எனக்கே கண் கலங்கியது.

வறுமைக் கோடு எங்கே என்பதைப் பிறகுதான் அறிவித்தார்கள். பேச்சியம்மாள் கோட்டுக்கு மேலே ஏழு மதிப்பெண். தங்கவேல் கீழே நான்கு.

அக்டோபர் இரண்டாம் தேதி பட்டியலைச் சபையில் வாசித்தார்கள். ஊராட்சித் தலைவர் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். பதினான்கு நிமிடம் பேசினேன். உதவி என்பது மருந்து, நோயுள்ளவனுக்குத்தான் மருந்து, நான் வீடு வீடாக நாடி பிடித்துப் பார்த்துவிட்டேன் என்றெல்லாம் அளந்தேன். கை தட்டினார்கள். தங்கவேல் எல்லாரையும் விடச் சத்தமாகத் தட்டினார்.

அப்போது பேச்சியம்மாள் எழுந்தார். முந்தின நாளே ஊராட்சி எழுத்தரிடம் போய் விசாரித்திருக்கிறார். வீட்டில் டிவி, விசிறி, குக்கர் இருப்பதாக வாத்தியார் எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து என் மேசை மேல் வைத்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"சாருக்கு வாசிக்கத் தெரியுமா? தெரிஞ்சா இதுல இருக்குறத வாசிங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது தெரிந்ததுதானே. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக இருந்தது. மைக்கில் வாசித்தேன்.

"பெ. தங்கவேல். சரோஜா. திருமணம்."

நூற்றுப் பதினேழு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு மட்டும் நான் எண்ணாமலே சொல்கிறேன், ஒருவர் பாக்கியில்லை.

நடந்தது இவ்வளவுதான். கணக்கெடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் தங்கவேல் தன் வீட்டுச் சாமான்களைப் பேச்சியம்மாள் வீட்டுக்கு மாற்றிவிட்டார். ஒளித்து வைக்கிறேன் என்று சொல்லவில்லை. "வாத்தியார் வாராரு, மொட்டத் தரையிலயா ஒக்கார வைப்ப?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாளுக்கு அது உபகாரமாகத்தான் தெரிந்தது. என்னை விருந்தாளியாக நினைத்துத் தன் வீட்டை அலங்கரித்தார். நான் அந்த மரியாதைக்கு மதிப்பெண் போட்டு அவரை வெளியே தள்ளினேன். சாயங்காலம் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுபோனார்கள். ஆறாவது டம்ளர் மட்டும் குதிருக்குப் பின்னால் உருண்டு கிடந்து, சபைக்கு முந்தின வாரம்தான் அகப்பட்டது.

நான் அத்துடன் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "ஏம்மா, இதெல்லாம் உன்னுது இல்லைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று மைக்கிலேயே கேட்டேன்.

"எத்தனை இருக்குன்னு கேட்டீக, எண்ணிக்கிட்டீக. யாருதுன்னு கேக்கலையே சார்? நான் அஞ்சாவதுதான் படிச்சேன். டம்ளர எடுத்ததும் எனக்குப் பேரு தெரியுது. நீங்க அதுல வாய வச்சுக் குடிச்சீகளே."

தங்கவேல் பின்னாலிருந்து, நல்லது செய்யப்போய் நமக்கு இந்தப் பேரா என்று முனகினார். பேச்சியம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம்தான் பேசினார்.

"ஒரு வீடு வாங்குறதுக்கு நான் என்ன சார் செய்யணும்? வந்தவகளத் தண்ணி குடுக்காமத் தரையில ஒக்கார வச்சு, எம்புள்ள பட்டினின்னு அழுது காட்டணுமா? அப்படிக் காட்டுனாத்தான் சர்க்காருக்குக் கண்ணு தெரியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் பதின்மூன்று கேள்விகளையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். பதில் எதிலும் இல்லை. அவர் டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்த் தங்கவேல் கையில் கொடுத்தார். "இந்தாங்கண்ணே, ஒங்க சாமான்." பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

தலைவர், பட்டியலை இங்கே திருத்த முடியாது, மேலே மனுப் போடுங்கள் என்றார். போட்டேன். திண்டுக்கல்லுக்கு ஒன்பது தடவை பஸ் ஏறினேன். ஒன்பதாவது தடவை ஓர் அதிகாரி படிவத்தைத் திருப்பிக் காட்டி, இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். அப்படியானால் உங்கள் புகார் யார் மேல் என்றார். என் மேல்தான் என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார், கொடுத்தேன்.

மனுக் கொடுத்தால் நடவடிக்கை இல்லை என்று குறை சொல்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பதினோராம் நாள் நடவடிக்கை எடுத்தார்கள், என் மேல். கணக்கெடுப்புப் பணியில் கவனக்குறைவு, ஊதிய உயர்வு ஆறு மாதம் நிறுத்தம். பட்டியலில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. சூசை என் மேசைக்கு வந்து தன் டிபனில் இருந்த உருளைக்கிழங்கு வெஞ்சனத்தில் பாதியை எனக்கு வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

தங்கவேலுக்கு வீடு வந்தது. அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.

நவம்பர் மழையில் பேச்சியம்மாள் வீட்டு வடபுறச் சுவர் விழுந்தது. பகலில் விழுந்ததால் உயிர் தப்பினார்கள். தாயும் மகளும் சத்துணவுக் கூடத்தில் படுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிலோமினாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதே அவள் பீரோவைத் திறந்து, மகள் காதணிக்குச் சேர்த்திருந்ததை எடுத்து வைத்தாள். "எண்ணாமக் கொண்டு போங்க" என்றாள். (வாசலில் வைத்து எண்ணிவிட்டேன்.)

பேச்சியம்மாள் பணத்தைத் தொடவில்லை. எனக்குத் தருமம் வேண்டாம், சர்க்கார் கொடுக்க வேண்டியதை நீங்கள் ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஈரத் தரையில் நின்றேன். முப்பத்தோரு வருடத்தில் என் வகுப்பில் பதில் தெரியாமல் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று அப்போதுதான் முதல் தடவையாக யோசித்தேன். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. கடைசியில் அவரே வழி சொன்னார்.

"அபராதம்னு சொல்லிக் குடுங்க சார். வாங்கிக்கிறேன்."

அப்படித்தான் கொடுத்தேன். ரூல் போட்ட தாளில், 'கணக்கு சாரிடம் அபராதம் பெற்றுக்கொண்டேன்' என்று குண்டு குண்டாக எழுதி, கையெழுத்தும் போட்டுத் தந்தார். எழுத்துப் பிழை இல்லை. அந்த ரசீது என் ஓய்வூதியக் காகிதங்களோடு இன்னும் இருக்கிறது.

சுவர் எழும்பியது, தகரக் கூரையும் ஏறியது. இதோடு கணக்கு நேராகிவிட்டது என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். கணக்கு நேராகவில்லை. அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை, அரசாங்கத்தின் காகிதத்தில் அந்த அம்மாள் வசதியானவர், வெங்காயக்காரர் ஏழை. இரண்டுக்கும் கீழே என் கையெழுத்து.

என் வீட்டில் நடப்பது வேறு. காலையில் காப்பி கொண்டுவந்தால் பிலோமினா டம்ளரைச் சும்மா நீட்டுவதில்லை. பெயர் வெட்டிய பக்கத்தை என் கண்ணுக்கு நேரே திருப்பிப் பிடித்து, "வாசிச்சிட்டுக் குடிங்க" என்பாள். மகள் சொன்னாள், மருமகன் சொன்னான், இப்போது நான்கு வயதுப் பேத்தி, எழுத்துத் தெரியாதவள், அவளும் சொல்கிறாள். வாசித்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.

அன்று வாசிக்காமல் குடித்த காப்பிக்கு ஆன செலவு: பஸ், மனு, நகல், நின்றுபோன ஊதிய உயர்வு, செங்கல், சிமெண்டு, கொத்தனார் கூலி, தகரம் பதினான்கு. ஆக மொத்தம் பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டு ரூபாய் ஐம்பது காசு.