உன் குழாயும் என் பேத்தியின் பாட்டிலும்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. இங்கே தண்ணீரைத் தவிர எல்லாரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பது, உன் வயலிலிருந்து ஆற்றில் விழும் குழாய் வழியாக எங்கள் சமையலறை வரைக்கும் தெரிகிறது.

உன் கடிதம் கிடைத்தது. "உன் பேத்திகிட்ட ஒரு வார்த்தை சொல்லுக்கா, குழாய்க்கு சீல் வச்சுட்டா தண்ணி வடியாம என் பயிரெல்லாம் வேரோட அழுகிடும்" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் முதலில் கோபம் வந்தது, அப்புறம் பெருமை வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நீ அதுவரைக்கும்கூட வராதவன். நம் வீட்டுப் பெண்ணைப் பார்த்து ஆற்றங்கரை முழுக்க நடுங்குகிறது என்றால் சும்மாவா? அவள் ஆற்று வாரியத்தில் உப்பு அதிகாரி என்று நான் சொன்னபோது, "மூட்டை என்ன விலைக்குக் குடுப்பா?" என்று கேட்டவன்தானே நீ!

எனக்கே விளங்கும்படி அவள் சொல்லியிருக்கிறாள். வயலுக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் மண்ணிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வடியும். அதைக் குட்டையில் தேக்கி வைக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் கரைபுரண்டு போகும்போது, வாரியம் சொன்ன பிறகு, முறை வைத்துத் திறந்துவிட வேண்டும். பெரிய தண்ணீரில் அந்த உப்பு போன இடம் தெரியாது. நீயோ, ஆறு கணுக்கால் நனைகிற அளவுக்கு ஓடும்போது திறக்கிறாய். கேட்டால் "தானா திறந்துக்குது" என்கிறாய். அந்தக் குழாய்க்கு வாய் இருந்தால் உன்னைக் காறித் துப்பும்.

ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அந்தத் தண்ணீர்தான் வருகிறது. இங்கே நடக்கிற கூத்தைக் கேள். சோப்பு நுரைக்காமல் என் மகன் பாதி முகம் மழித்த கோலத்தில் ஆபீசுக்குப் போனான், பாய்லர் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்து ஒருநாள் படாரென்று உயிரை விட்டது, சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டது யார் என்று எனக்கும் மருமகளுக்கும் சண்டை மூண்டு அவள் அம்மா வீட்டுக்குப் பெட்டியே கட்டிவிட்டாள், அப்புறம் வெறும் தண்ணீரைக் குடித்துப் பார்த்துத்தான் இருவரும் ராசியானோம், இதற்கிடையில் என் இரத்தக் கொதிப்பு எகிறிப்போய் டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உப்பே கூடாதுன்னு சொன்னேனேம்மா, யாரு உங்களுக்கு இவ்வளவு உப்பு குடுக்கிறது?" என்றார். "என் கூடப்பொறந்தவன்தான் டாக்டர்" என்றேன்.

பேத்தி சும்மா இருப்பாளா? ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து மேலே மேலே போய், வளைவுக்கு வளைவு ஒரு பாட்டில் பிடித்து, எங்கள் பிரிட்ஜில் அடுக்கினாள். பரிசோதனைக்கூடத்துக்கு மறுநாள் போக வேண்டியது. வேர்க்க விறுவிறுக்க வந்த என் மகன் அதில் ஒன்றை எடுத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டான். எந்த வளைவு தெரியுமா? உன் வயலுக்குக் கீழே இருக்கிற வளைவு! அவன் முகம் போன போக்கைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

"இதுக்கு மேல என்னடி சாட்சி வேணும்?" என்றேன்.

"அப்பா மூஞ்சிய ரிப்போர்ட்ல ஒட்ட முடியாது பாட்டி. திரும்பப் போய்த்தான் பிடிக்கணும்."

"அது என் தம்பியா இருந்தா?"

"சின்னத் தாத்தாவா இருந்தா, வணக்கம் சொல்லிட்டு சீல் வைப்பேன்."

இதுதான் நான் வளர்த்த பெண். ஆகவே சிபாரிசு என்ற பேச்சையே எடுக்காதே. அவள் என்றைக்கு வருகிறாள் என்று என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஆனால் அக்கா என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: வியாழக்கிழமைக்குள் வாசலைப் பெருக்கி, குழாயை இறுக்கி மூடி வை. விருந்தாளிகள் சொல்லிக்கொண்டா வருகிறார்கள்?

உன் வயல் விளையட்டும், உன் குட்டை நிறையட்டும், உன் குழாய் மட்டும் வற்றட்டும். உன் மனைவியை நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன்மேல் பாசமும், உன்னால் இரத்தக் கொதிப்பும் உள்ள
அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன். பேத்தி எனக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாள். வியாழக்கிழமை என்று எழுதிய வரி வரைக்கும் படித்துவிட்டாள். திட்டவில்லை. "தபால்ல போட்டா லேட்டாகும் பாட்டி, இன்னிக்கே நானே கையில குடுத்துடறேன்" என்று செருப்பை மாட்டுகிறாள். இதை மட்டும் எழுதிக்கொள்ள விட்டாள். ஆகையால் தம்பி, இந்தக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு எதிரே காலி பாட்டிலோடு நிற்பவள் அவள்தான். உட்காரச் சொல். பின்வாசல் பக்கம் ஓடாதே. ஜீப் டிரைவரை அங்கேதான் நிறுத்தப் போகிறாளாம்.