டோனுக்காக ஒரு பிரிட்ஜ்

கிடார் சரியாக வாசிக்க வராதவன் கடைசிவரை தன் விரல்களைச் சந்தேகப்பட மாட்டான். கிடாரைத்தான் சந்தேகப்படுவான். நான் கம்பியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், உட்காரும் நாற்காலியைக்கூட மாற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் யூடியூபில் ஒருவர், கோளாறு பிரிட்ஜில் என்று கண்டுபிடித்துச் சொன்னார். (என் கிடாரை அவர் பார்த்ததே இல்லை. இருந்தாலும் சொன்னார்.)

பிரிட்ஜ் என்பது எலெக்ட்ரிக் கிடாரில் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் உலோகத் தகடு. அதைக் கழற்றிவிட்டுக் கனமான பித்தளையில் ஒன்று போட்டால், 'டோன்' கோயில் மணி மாதிரி நின்று பேசுமாம்.

"கவிதா, பிரிட்ஜ் மாத்தலாம்னு இருக்கேன்" என்றேன் மனைவியிடம்.

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. "நெசமாவாங்க? இப்ப இருக்கறது ஒரே சத்தம்."

"அதான். புதுசு நல்ல வெயிட்டு."

இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது, தீப்பெட்டிக் கட்டு அளவில் பார்சல் வந்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் மேலூரில் என் மாமனாருக்கும் கொட்டாம்பட்டியில் அவள் சித்திக்கும் சேதி போய், பழைய ஃபிரிட்ஜைச் சித்தி எடுத்துக்கொள்வதாகவும் முடிவாகியிருந்தது. கவிதா அந்தப் பித்தளைத் தகட்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல மாவு எங்கிட்டு வைக்க?"

அன்று எனக்குச் சாப்பாடு கிடைத்தது. பேச்சு கிடைக்கவில்லை.

போன மானத்தை மீட்க ஒரே வழிதான் தெரிந்தது. மேலூர் மண்டபத்தில் மச்சினன் கல்யாண ரிசப்ஷன். அங்கே வாசித்து, பிரிட்ஜின் அருமையை மொத்தச் சொந்தத்துக்கும் உணர்த்துவதாக அறிவித்தேன்.

பழைய பிரிட்ஜைக் கழற்றியபோது அதற்கடியில் மெல்லிசாக ஒரு வயர் நீட்டிக்கொண்டிருந்தது. ஏதோ மிச்சமாக விட்டுப்போனது என்று நினைத்து, அதை ஓட்டைக்குள் தள்ளி, மேலே புதியதை வைத்துத் திருகிவிட்டேன். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்பதால் ஸ்பீக்கரில் மாட்டிப் பார்க்கவில்லை. கிடாரின் மரத்தில் காதை வைத்துக் கேட்டேன். டோன் பிரமாதம்! (காசு போட்டவன் காதுக்கு அப்படித்தான் கேட்கும்.)

மேடையில் மாப்பிள்ளை, பெண் பக்கத்தில் கம்பீரமாக நின்று கேபிளைச் செருகினேன். 'ங்ங்ங்ங்ங்' என்று மண்டபமே இரைந்தது. பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, நம்ம செட்டுல குத்தமில்ல. ஒங்க கிடாருக்குள்ளதான் வண்டு இருக்கு" என்று மைக்கிலேயே சொன்னார் சவுண்டு சர்வீஸ்காரர்.

முன்வரிசையிலிருந்து மாமனார் மரியாதையாகக் கேட்டார்: "மாப்ள, இதான் அந்த டோனா?"

நான் வாசிக்க ஆரம்பித்தேன். வண்டு என்னைவிடச் சுருதியாக இருந்தது. பொறுக்க முடியாமல் கவிதா மேடையேறி வந்தாள். ஒரு கையால் கேபிளைப் பிடுங்கப்போய், கிடாரில் செருகியிருந்த அதன் உலோகப் பிளக்கைப் பிடித்தாள். மறுகையால், இருநூறு பேர் பார்க்க, என் காதைப் பிடித்து, "கீழ எறங்குங்க!" என்றாள்.

இரைச்சல் சட்டென்று நின்றது.

திகைத்துப்போய்க் காதை விட்டாள். 'ங்ங்ங்ங்'. மறுபடி பிடித்தாள். அமைதி.

எனக்கு விளங்கிவிட்டது. நான் உள்ளே தள்ளிய வயர்தான் எர்த்; அது பிரிட்ஜைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இரைச்சல் அடங்கும். பிளக் வழியாக, அவள் உடம்பு வழியாக, என் காது வழியாக எனக்கு எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது. (நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் வாத்தியார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எர்த் வயரின் முக்கியத்துவம் பற்றி வருஷா வருஷம் பாடம் எடுக்கிறேன்.)

"விட்றாத கவிதா, அப்படியே பிடிச்சுக்க!" என்று கெஞ்சினேன்.

"எம்புட்டு நேரம்?"

"பாட்டு முடியற வரைக்கும்."

பிடித்துக்கொண்டாள். பல்லவியில் சாதாரணமாகவும், நான் தப்பாக வாசித்த இடங்களில் கொஞ்சம் திருகியும். கேமராக்காரர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அம்போவென்று விட்டுவிட்டு எங்களையே எடுத்தார். அந்த மண்டபத்தில் அப்படியொரு கைதட்டலை நான் கேட்டதில்லை.

மறுநாளே வயரைச் சரியான இடத்தில் மாட்டிவிட்டேன். அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? போன மாதம் சித்தி மகளுக்கு வளைகாப்பு. மாமனார் போன் செய்தார்.

"மாப்ள, கிடாரைத் தூக்கிட்டு சிரமப்பட வேணாம். நீங்க காதோட வாங்க, போதும். கவிதா வர்றேன்னுருச்சு."